டீச்சர் படித்த கறுப்புத் திரை

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்த டீச்சர் ஒருவர், என் தொழிலில் நான் ஒழுங்காகச் செய்யாத ஒரு காரியத்தை எனக்குச் சுட்டிக்காட்டினார்.

வளைகுடா நாடுகளில் வளரும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே வீடியோவில் தமிழ் சொல்லிக்கொடுப்பவர் அவர். துபாயில் வேலை பார்க்கும் கணவர் கொண்டுவந்த பழைய லேப்டாப் திறக்கவே கால் மணி நேரம் ஆனது. "விண்டோஸை எடுத்துட்டு, பழைய மெஷினுக்கு லேசா ஓடுற லினக்ஸ் போட்டுத் தரேன் டீச்சர்" என்று வாயை விட்டவன் நான்தான். போட்டதும் லேப்டாப் வேகமாக ஓடியது. வைஃபை மட்டும் வரவில்லை. ஒரு காலைப்பொழுது முழுக்க முட்டி மோதிப் பார்த்துவிட்டு அவரைக் கடைக்குக் கூப்பிட்டேன்.

"உள்ள இருக்குற வைஃபை கார்டை லினக்ஸுக்குத் தெரியல டீச்சர். வெளியில சொருகுற மாதிரி ஒண்ணு வாங்கிக்குங்க."

"கார்டு கெட்டுப்போச்சா?"

"இல்லீங்க, அது நல்லாத்தான் இருக்கு."

"அப்பறம் எதுக்கு வேற வாங்கணும்? என்ன சொல்லி மாட்டேங்குதுன்னு காட்டுங்க தம்பி."

லேப்டாப் தான் செய்வதையெல்லாம் ஆங்கில வரிகளாக எழுதிவைக்கும் கறுப்புத் திரையைத் திறந்து காட்டினேன். நான் அதை மேலோட்டமாகப் பார்ப்பதோடு சரி. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பரீட்சைத் தாள் திருத்துவதுபோல முதல் வரியிலிருந்து படித்தார். நடுவில் ஒரு வரியில் விரல் வைத்தார்.

"ஏதோ ஒரு ஃபைலைத் தேடுது, கெடைக்கலைங்குது. கார்டு தெரியலைன்னு சொல்லலையே."

அந்த வரியை நான் படிக்கவே இல்லை. கார்டு வேலை செய்ய அதைத் தயாரித்தவர்களின் சின்ன ஃபைல் ஒன்று தேவைப்படும், சில சமயம் அது லினக்ஸோடு வராது என்று விளக்கினேன். "நானே தேடிப் பாக்குறேன் தம்பி" என்று அந்த வரியை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு லேப்டாப்பை வாங்கிப் போனார்.

போனை லேப்டாப்போடு கேபிளில் இணைத்து நெட் எடுத்து, லினக்ஸ் ஆட்கள் கூடும் இணையப் பக்கம் ஒன்றில் கேள்வி கேட்டிருக்கிறார். தான் தமிழ் டீச்சர், கம்ப்யூட்டர் தெரியாது என்றுதான் ஆரம்பித்திருந்தார். யாரோ ஒருவர் ஃபைல் கிடைக்கும் இடத்தைச் சொன்னார். போட்டும் வேலை செய்யவில்லை. இன்னொருவர், இந்தக் கார்டு ஆகாது, விட்டுவிடுங்கள் என்றார். மூன்றாம் நாள் டீச்சரிடமிருந்து எனக்குப் போன் வந்தது.

"தம்பி, அது தேடுற ஃபைல் பேரு கடைசியில பதினேழுன்னு முடியுது. நான் போட்டது இருபத்திரண்டு. அதனால இருக்குமோ?"

"இருக்கும் டீச்சர்," என்றேன். "பதினேழும் நீங்க எடுத்த எடத்துலயே கெடக்கும், பாருங்க."

அரை மணி நேரத்தில் வீடியோ கால் வந்தது, லேப்டாப்பிலிருந்து.

"அல்ஹம்துலில்லாஹ், வந்துருச்சு. வெச்சிடுறேன் தம்பி, கிளாசுக்குப் புள்ளைங்க வந்துட்டாங்க."

அடுத்த வாரம் அந்த இணையப் பக்கத்தைத் தேடிப் போய்ப் பார்த்தேன். தான் செய்த தப்பையும் மறைக்காமல், சரிசெய்த விதத்தை எளிய ஆங்கிலத்தில் படிப்படியாக எழுதிவைத்திருந்தார். நான் அங்கே எத்தனையோ முறை பதில் எடுத்திருக்கிறேன். ஒரு வரிகூடத் திருப்பி எழுதியதில்லை.

போன மாதம் அரியலூரில் ஒரு லாரி ஆபீஸுக்கு லேப்டாப் பார்க்கப் போனேன். அதே கார்டு, அதே கோளாறு. டீச்சர் எழுதியதைப் போனில் திறந்துவைத்துக்கொண்டு சரிசெய்தேன். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று மேனேஜர் கேட்டார். லப்பைக்குடிக்காட்டில் ஒரு தமிழ் டீச்சரிடம் என்றேன்.