பெர்லின் வாசற்படியில் ஒரு ஜோடி செருப்பு

நான் ஸ்ரீரங்கத்தில் செருப்புக் கடை வைத்திருக்கிறேன். வீடு பாலக்கரையில். கோயிலுக்குப் போய்விட்டு வெறுங்காலோடு என் கடைப் படியேறுகிறவர்கள் அநேகமாக ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள். “செருப்பு போயிடுச்சு பாய். போகட்டும், பீடை விட்டுச்சு.” அந்தச் சந்தோஷத்தில் பேரம்கூட அதிகம் பேச மாட்டார்கள். தொலைந்த செருப்புகளின் புண்ணியத்தில் பிழைக்கிற என் வீட்டுச் செருப்பே ஒருநாள் தொலைந்தது. தொலைந்த இடம் ஸ்ரீரங்கம் அல்ல, பெர்லின்.

என் மகள் அங்கே வேலை பார்க்கிறாள். முந்தின வருஷமே நாங்கள் போயிருக்க வேண்டியது. என் மனைவிக்குச் சர்க்கரை. உள்ளங்காலில் ஒரு புண் வந்து, ஆறவே மாட்டேன் என்று மாதக்கணக்கில் அடம்பிடித்தது. விரலை எடுக்க வேண்டிவருமோ என்று டாக்டரே யோசித்தார். அல்லாஹ் காப்பாற்றினான், ஆறிவிட்டது. பயணத்துக்கு டாக்டர் ஒரே நிபந்தனைதான் போட்டார். வெளியே நடப்பதென்றால் அவள் காலுக்கென்றே அளவெடுத்துச் செய்த மெத்தைச் செருப்போடுதான் நடக்க வேண்டும். உறையூரில் ஒருவரிடம் சொல்லிச் செய்து வாங்கினேன். கிளம்புகிற சமயத்தில் ஒரு பட்டை லேசாகப் பிரிந்தது. கறுப்பு நூல் தீர்ந்திருந்ததால் சிவப்பு நூலால் நானே தைத்தேன். “கல்யாணத்துக்குப் போற மாதிரி இருக்கு” என்று முகத்தைச் சுளித்தாள்.

செருப்புக் கடைக்காரன் மாற்றுச் செருப்பு எடுத்துப் போகவில்லையா என்று கேட்பீர்கள். பெட்டியில் இருந்த இடமெல்லாம் மசாலாத்தூளுக்கும் ஊறுகாய்க்கும் போய்விட்டது. வீட்டுக்குள் போட ஒரு ரப்பர் செருப்பு மட்டும் சொருகினோம்.

போய்ச் சேர்ந்ததும் மகள் தெருவைச் சுற்றிக் காட்டினாள். அங்கங்கே நடைபாதையில் அட்டைப்பெட்டிகள். உள்ளே கோப்பைகள், புத்தகங்கள், குழந்தைச் சட்டைகள். ஓரிடத்தில் நல்ல நாற்காலி ஒன்று. தங்களுக்கு வேண்டாததை இப்படி வாசலில் வைத்துவிடுவார்களாம், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாமாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. கொடுப்பவர் முகம் வாங்குபவருக்குத் தெரியாமல் கொடுப்பதை எங்கள் மார்க்கத்திலும் உயர்வாகச் சொல்வார்கள். எனக்கு அந்த ஊரை உடனே பிடித்துவிட்டது.

மறுநாள் காலை மழை விட்டதும் பூங்காவுக்குப் போனோம். அன்று மகள் தன் அம்மாவின் கையை விடவே இல்லை. திரும்பும்போது செருப்பெல்லாம் சேறு. மகள் வீடு தரைத்தளம், கதவைத் திறந்தால் தெரு. “செருப்ப உள்ள கொண்டு வராதீங்க, தொழுகுற இடம்” என்றாள் என் மனைவி. தன்னுடையதைச் சுத்தமாகக் கழுவி, என்னுடையதோடு சேர்த்து வாசற்படியில் வெயில் பார்க்க வைத்தாள். பாலக்கரையில் தினமும் செய்வதுதான்.

டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் அவள் செருப்பைக் காணவில்லை. என்னுடையதை யாரும் சீண்டவில்லை. தொழில்காரன் என்ற முறையில் அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள். “யாரும் திருடலம்மா. வேணாம்னு நீங்க வெளியில வெச்சிட்டீங்கன்னு நினைச்சு எடுத்துட்டுப் போயிருக்காங்க.”

“பீடை விட்டுச்சுன்னு வெச்சுக்க” என்றேன். என் மனைவி முறைத்தாள்.

அவள் காலின் அளவை எடுத்துக்கொண்டு நானும் மகளும் கடை கடையாக ஏறி இறங்கினோம். எல்லாம் உயர்ந்த சரக்கு. ஆனால் புண் ஆறிய இடத்துக்கு நேராகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் எதிலும் எனக்குத் திருப்தி வரவில்லை. அந்தப் பாதத்தை மறுபடி புண்ணாக்கிப் பார்க்கிற தைரியம் எனக்கில்லை. வெறுங்கையோடு திரும்பினோம். என் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் நடக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இவளோட சேர்ந்து நடக்கணும்னுதானே இவ்வளவு தூரம் வந்தேன்” என்றாள்.

அடுத்த நாள் மத்தியானம் கதவு தட்டப்பட்டது. வயதான கணவன் மனைவி. அவர் கையில் ஒரு துணிப்பை, அதற்குள் எங்கள் செருப்பு. அவர் சொல்லச் சொல்ல மகள் தமிழில் சொன்னாள். அவர் மனைவிக்கும் சர்க்கரையாம். வாசலில் இதைப் பார்த்ததும் அவருக்காக எடுத்துப் போயிருக்கிறார். அந்த அம்மாள் அதைப் போட்டுக்கொண்டு காய்கறிக் கடைவரை நடந்திருக்கிறார். வெகுநாளைக்குப் பிறகு கால் வலிக்கவில்லையாம். வீட்டுக்கு வந்து கழற்றும்போதுதான் சிவப்புத் தையல் கண்ணில் பட்டிருக்கிறது. “இது புதுத் தையல். வேண்டாத செருப்பை யாராவது உட்கார்ந்து தைப்பார்களா? இதற்கு ஆள் இருக்கிறது” என்று சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டாராம்.

தன்னுடைய பழைய காலணியில் அந்த அம்மாள் காலைச் சாய்த்துச் சாய்த்து நின்றார். வலிக்காத செருப்பைத் திருப்பிக் கொடுக்க வலிக்கிற செருப்போடு நடந்து வந்திருக்கிறார். என் மனைவி அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். “உட்காரச் சொல்லு. சர்க்கரை போடாம டீ போடு” என்றாள் மகளிடம்.

டீ முடிந்ததும் நான் தரையில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் நிற்கும்படி சைகை காட்டினேன். அந்த அம்மாள் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் குனிந்து பென்சிலால் இரண்டு பாதத்தையும் சுற்றிக் கோடு போட்டேன். கூச்சத்தில் அவர் சிரித்தார். எல்லோரும் சிரித்தோம்.

மீதி நாட்களில் தாயும் மகளும் கைகோத்துக்கொண்டு அந்த ஊரை அளந்துவிட்டார்கள். உட்கார இடம் தேடியவன் நான்தான்.

திருச்சிக்கு வந்ததும் அந்தத் தாளை உறையூருக்குக் கொண்டுபோனேன். பட்டையைச் சிவப்பு நூலில்தான் தைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். பார்சல் கட்டும்போது என் மனைவி மகளுக்குப் போன் போட்டாள். “குடுக்கும்போது மறக்காம சொல்லு, வாசல்ல மட்டும் வெக்க வேணாம்னு.”

இப்போதும் வெறுங்காலோடு கடைக்கு வந்து பீடை விட்டது என்கிறவர்கள் உண்டு. முன்பெல்லாம் நானும் கூடச் சேர்ந்து தலையாட்டுவேன். இப்போது, “எடுத்துட்டுப் போனவங்க வலியில்லாம நடக்கட்டும்னு நினைச்சுக்குங்க” என்கிறேன்.