விசனம் தெரிவித்தவர் யார்?

1. கதவோரக் கதிரை

முதல் வகுப்பில் கதவோரம் கிடந்த கதிரையில் போய் இருந்தேன். எழும்பிப் போக மனம் வந்தால் யாரையும் தாண்டத் தேவையில்லை. அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. உயர்தரப் பரீட்சையோடு படிப்பு நின்றுவிட்டது. ஒரு தமிழ் நாளிதழில் செய்திகளைத் தட்டச்சு செய்து பக்கம் கட்டுவது என் வேலை. நிருபர்கள் தங்கள் போனிலேயே தட்டச்சு செய்து அனுப்பத் தொடங்கிய பிறகு எங்கள் பகுதியில் வேலை வற்றிவிட்டது.

"கம்பஸில சனிக்கிழமைகளில ஊடகவியல் கோர்ஸ் ஒண்டு நடக்குது. முடிச்சிட்டு வாங்கோ, ஆசிரியபீடத்துக்கு எடுக்கிறம்" என்று அலுவலகத்தில் சொன்னார்கள். ஏலாது என்று சொல்லக் கூச்சப்பட்டுத்தான் சேர்ந்தேன்.

விரிவுரையாளர் ஓய்வுபெற்ற செய்தி ஆசிரியர். வந்தவுடன் ஒரு பத்திரிகை நறுக்கை எடுத்து வாசித்தார். எங்கேயோ வடிகான் அடைத்துக் கிடக்கிறதாம், ‘பிரதேசவாசிகள் விசனம் தெரிவிக்கின்றனர்’.

"ஆர் இந்தப் பிரதேசவாசிகள்? எல்லாரும் வரிசையில நிண்டு கோரஸாச் சொன்னவையோ?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது நான் அடித்துக் கொடுத்த செய்தி. ‘விசனம்’ என்ற சொல்லை என் விரல்கள் திரையைப் பாராமலே அடிக்கும். அதற்குப் பின்னால் ஒரு ஆள் இருக்க வேண்டும் என்று நான் யோசித்ததே இல்லை.

"பேரோட ஒரு ஆள் சொல்லோணும். உயிருக்கு, தொழிலுக்கு ஆபத்தெண்டால் பேரை மறைக்கலாம், ஆனா ஏனெண்டு எனக்குச் சொல்லோணும். கேக்க வெக்கமாக் கிடந்தது எண்டு ஒருத்தரும் என்னட்ட வராதேங்கோ. மற்றது, எழுதுற ஆள் தன்ர வாயைத் தானே மேற்கோள் காட்டக் கூடாது."

அவர் அந்த வெட்கத்தைச் சொன்னபோது என்னைப் பார்க்கவில்லை. ஆனாலும் நான் கதிரையைக் கதவுப் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன்.

2. பெயர் போடாதேங்கோ

முதல் ஒப்படை, அவரவர் இருக்கும் தெருவிலிருந்து ஒரு செய்தி. எனக்குத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் நாங்கள் வாடகைக்கு இருந்த தொடர்மாடியில் லிப்ட் நின்று மூன்றாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. கீழே நிற்கும் காவலாளி எங்களைக் கண்டதும் கேட்காமலே "லிப்ட் எக கெடிலா, நோனா" என்று சிங்களத்தில் சொல்வார், லிப்ட் அன்றைக்குத்தான் பழுதானது போல.

நாங்கள் ஆறாம் மாடி. எங்களுக்கு மேலே ஏழாம் மாடியில் செல்வராசா அண்ணையும் அவர் மனைவி மல்லிகா அக்காவும். அண்ணைக்குச் சிறுநீரகம் பழுது. கிழமையில் இரண்டு தரம் டயலிசிஸுக்குப் போக வேண்டும். மகன்மார் இரண்டு பேரும் அவரை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, முன்னும் பின்னுமாகப் பிடித்துப் படியால் இறக்குவார்கள். திரும்பி வந்து ஏற்றுவார்கள். எங்கள் வாசலில் ஒருமுறை கதிரையைக் கீழே வைத்து மூச்சு வாங்குவார்கள். உள்ளே சமைத்துக்கொண்டு நிற்கும்போது அந்தக் கதிரையின் கால்கள் சீமெந்தில் தட்டுகிற சத்தம் கேட்கும். கேட்டால் பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடாது.

வாசலில் நின்று பெல்லை அடிக்கவே எனக்குப் பத்து யோசனை. கடைசியில் மேலே போனேன். மல்லிகா அக்கா எல்லாவற்றையும் கொட்டினார். நிர்வாகக் குழுத் தலைவருக்கு எத்தனை தரம் போன் எடுத்தது, அவர் என்ன சொன்னது, மகன்மாரில் ஒருவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது, எல்லாம். முடிவில் என் கையைப் பிடித்தார்.

"எங்கட பேரைப் போட்டுடாதேம் பிள்ளை. நடந்ததைச் சொல்லும், பேர் மட்டும் வேண்டாம்."

கட்டிலில் கிடந்த அண்ணை அங்கிருந்தே கூப்பிட்டார். "என்ர பேரைப் பேப்பரில கண்டால் சனம் மரண அறிவித்தல் எண்டெல்லோ நினைக்கும். மலர்வளையத்தோட வந்து நிப்பாங்கள்."

"சும்மா கிடவுங்கோவன்" என்றார் அக்கா.

மற்ற மாடிகளிலும் அதே கதைதான். இரண்டாம் மாடி ஆசிரியை, "நான் சொன்னனான் எண்டு மட்டும் வேண்டாம்" என்றார். ஹட்டன் பக்கத்திலிருந்து வந்து கீழ்மாடியில் இருக்கும் குடும்பத்துப் பெண், "நமக்கு எதுக்குங்க வம்பு, பேரெல்லாம் போட்டுறாதீங்க" என்று கதவைப் பாதி சாத்தினாள். யுத்தத்தின்போது வீடு வீடாகத் தமிழரைப் பொலிஸ் பதிவு செய்த காலத்தில் இந்த நகரத்தில் இருந்தவர்களுக்குப் பெயர் கொடுப்பது என்பது சின்ன விஷயமில்லை. அந்தக் காலம் முடிந்தாலும் வாய் பழகிவிட்டது. அதற்கு மேல், தலைவருடைய சொல்லுக்குத்தான் அந்தக் கட்டடத்தில் தண்ணீர்கூட ஏறும்.

அந்தச் சனி நான் ஒப்படையைக் கொடுத்தேன். ‘லிப்ட் பழுதால் குடியிருப்பாளர்கள் விசனம்.’

விரிவுரையாளர் தலைப்பை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "திரும்பவும் கோரஸோ, அம்மா?"

3. சப்ரி கேட்டது

பக்கத்துக் கதிரையில் இருந்தவர் சப்ரி. மாளிகாவத்தைப் பொடியன். புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை. வாடிக்கையாளர்களோடு பேசிப் பேசிக் கூச்சம் என்றால் என்னவென்றே தெரியாதவர். கன்ரீனில் பிளேன் டீயோடு என் முன்னால் வந்து இருந்தார்.

"அக்கா, நீங்களும் அந்த ப்ளட்ஸ்லதானே ஈக்கிற?"

"ஓம்."

"அப்ப நீங்க சொல்லுங்க, நான் எழுதுறன். நீங்க எழுதினாத்தானே உங்கட பேர் போடேலா. நான் எழுதினா போடலாம்."

நான் உடனே சொன்னேன். "ஐயோ தம்பி, என்ர பேர் போடாதேங்கோ."

சொல்லி முடிய எனக்கே கேட்டது. சப்ரி சிரித்தார். "சரிதான். ஏழு மாடியும் ஒரே வாய்."

அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் கனடாவில். வீட்டைப் பார்த்துக்கொள்வது வெள்ளவத்தையில் இருக்கும் அவருடைய அண்ணன். நிர்வாகக் குழுத் தலைவரும் அவரேதான். எங்கள் வாடகை ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருந்தது. மகளுக்கு அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி. அந்த வீட்டை விட்டால் கொட்டாஞ்சேனையில் எங்களுக்குக் கட்டுப்படியாகிற இன்னொரு வீடு கிடையாது.

சப்ரி கேட்டதைக் கணவரிடம் சொன்னேன். "நீ எழுதப் படிக்கப் போனியோ, வீடு மாறப் போனியோ?" என்றார். அந்த நாட்களில் வீட்டில் எந்த இடத்திலும் என்னால் நிலையாக இருக்க முடியவில்லை. தேயிலை போட மறந்து சுடுதண்ணீரை வடிப்பேன். அலுவலகத்தில் ஒரே பக்கத்தை மறுபடி மறுபடி திறந்து மூடுவேன். சப்ரியின் எண்ணை எடுத்துப் பார்த்துவிட்டுப் போனைப் பைக்குள் போடுவேன்.

ஒரு காலை நான் வேலைக்கு இறங்கும்போது எனக்கு முன்னால் அண்ணையின் கதிரை இறங்கிக்கொண்டிருந்தது. நாலாம் மாடித் திருப்பத்தில் இளைய மகனின் கால் வழுக்கியது. கதிரை ஒரு பக்கமாகச் சரிந்தது. நான் சாப்பாட்டுப் பையை எறிந்துவிட்டுக் கதிரையின் முதுகைப் பிடித்தேன். அண்ணை இரண்டு கையாலும் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டார். அவருடைய ஒரு செருப்பு மட்டும் படி படியாகக் கீழே போனது.

"அதுக்கு அவசரம், முன்னால போயிட்டுது" என்றார் அண்ணை.

ஒருவரும் விழவில்லை. ஆனால் அவருடைய விரல்கள் கம்பியை விடவில்லை. விடுங்கோ என்று மகன் சொல்ல, விடத்தான் பார்க்கிறேன் என்றார். மல்லிகா அக்கா மேலிருந்து இறங்கி வந்து, ஒவ்வொரு விரலாகக் கழற்றினார்.

பஸ் தரிப்பிடத்தில் நின்றபடி சப்ரிக்குப் போன் எடுத்தேன்.

"போடுங்கோ."

"என்னத்த அக்கா?"

"பேரை. யோகராணி. ஆறாம் மாடி. எழுதிக்கொள்ளுங்கோ, பிறகு மனம் மாறீடும்."

அவர் அவசரப்படவில்லை. மத்தியானம் திரும்ப எடுத்து, நான் சொன்னதாக எழுதியதை வரிக்கு வரி வாசித்துக் காட்டினார். ஒரு இடத்தில் நான் சொன்னதைவிடக் கோபமாக இருந்தது. சொன்னேன், மாற்றினார். "இப்பவும் வேணாண்டா எடுத்துடுறன், அக்கா" என்றார். அப்படிக் கேட்டதால்தான் எடுக்கச் சொல்ல வாய் வரவில்லை.

4. வெள்ளவத்தையிலிருந்து ஒரு போன்

குற்றம் சாட்டப்படுபவரிடம் பதில் கேட்க வேண்டும் என்பதும் வகுப்பில் படித்ததுதான். சப்ரி கேட்டார். கேட்ட கையோடு தலைவர் எனக்குப் போன் எடுத்தார்.

"பிள்ளை, ஆரோ ஒரு பொடியன் எடுத்து லிப்டைப் பற்றிக் கேக்கிறான். உம்மட பேரைச் சொல்லுறான். நீர் சொன்னதே?"

இல்லை ஐயா, நான் அப்படிச் சொல்லவில்லை என்று ஒரு வசனம் தயாராக வாயில் இருந்தது. அது போதும். அவர் அதைத்தான் எதிர்பார்த்தார் என்று குரலில் தெரிந்தது.

"ஓம் ஐயா. நான்தான் சொன்னனான்."

"சாமான் வெளிநாட்டில இருந்து வரோணும் எண்டு எல்லாருக்கும் சொல்லியிருக்கு."

"அதையும் போடச் சொல்லுறன், ஐயா."

"உங்கட ஒப்பந்தம் முடியப் போகுது, தெரியுந்தானே?"

"தெரியும், ஐயா."

பயிற்சிக்காக மாணவர்கள் நாலு பக்கப் பத்திரிகை ஒன்று அச்சடிப்பார்கள். பக்கம் கட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சப்ரியின் செய்தி முதல் பக்கத்துக்கு வந்தது. பத்தியில் ஒரு வரி மிஞ்சியது. எதை வெட்டலாம் என்று பார்த்தபோது கண் நேரே என் பெயரில் போய் நின்றது. ‘ஆறாம் மாடியில் வசிக்கும் யோகராணி தெரிவித்தார்’ என்பது ‘குடியிருப்பாளர்கள் தெரிவித்தனர்’ என்று ஆனால் இடம் சரியாகிவிடும். பழகின விரல், ஒரு நொடி வேலை. இடம் போதவில்லை என்று சொன்னால் யாரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள்.

கைகளைத் தட்டச்சுப் பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு செய்தியோடு இருந்த படத்தைச் சிறிதாக்கி அந்த வரிக்கு இடம் எடுத்தேன்.

அந்தப் பக்கத்தின் படம் எங்கள் தொடர்மாடி வட்ஸ்அப் குழுவுக்கு எப்படியோ வந்துவிட்டது. அன்று முழுக்க ஒரு சத்தமும் இல்லை. மறுநாள் இரண்டாம் மாடி ஆசிரியை தன் முழுப் பெயரையும் எழுதி, ‘நானும் இதையே சொல்கிறேன்’ என்று போட்டார். பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று. எல்லோரும் போடவில்லை. மல்லிகா அக்கா போடவில்லை.

கனடாவிலிருந்து தம்பி வரப்போகிறார், வீடு தேவைப்படுகிறது என்று தலைவர் மரியாதையாகவே சொன்னார். மகளின் பரீட்சை முடியும் வரை பொறுத்தார். அதை நான் மறைக்கக் கூடாது. அதன் பிறகு முகத்துவாரத்தில் ஒரு கீழ்மாடி வீட்டுக்குப் போனோம். மழைக்குத் தண்ணீர் உள்ளே வரும். கனடாத் தம்பி இன்னும் வரவில்லை.

இப்போது ஆசிரியபீடத்தில் இருக்கிறேன். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள், "சனம் பேர் தருகுதில்லை, எப்படி எடுக்கிறது?" என்று கேட்பார்கள். பெயர் வந்தால் என்ன நடக்கலாம் என்பதை முதலில் அந்த மனிதருக்கு ஒளிக்காமல் சொல்லுங்கள் என்பேன். எழுதினதை வாசித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்று சொல்ல ஒரு வழி வையுங்கள். அதன் பிறகும் தந்தால் அந்தப் பெயரை இடம் போதவில்லை என்று வெட்டாதீர்கள். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

நாங்கள் வீடு மாறிச் சில கிழமைகளில் செல்வராசா அண்ணை போன் எடுத்தார்.

"பிள்ளை, லிப்ட் ஓடுது. இப்ப நான் கீழ நிக்கிறன், தனிய இறங்கினனான்."

"நல்லது அண்ணை."

"செய்தியாப் போடும். நீர் இப்ப இங்க இல்லைத்தானே, நீரே எழுதலாம். ஏழாம் மாடி செல்வராசா சொன்னவர் எண்டு பேரோட போடும்."

நான் எழுதினதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். நாலே நாலு வரி. முதல் வரியில் அவர் பெயர்.

"சரி" என்றார். "கடைசியில, இது மரண அறிவித்தல் இல்லையெண்டும் ஒரு வரி போட்டுவிடும்."