கல்வெட்டின் கடைசிப் பக்கம்

போன வருடம் ஆவணி மாதம், அச்சுவேலிச் சந்தைக்குப் பக்கத்தில் நான் வேலை செய்யும் வடிவமைப்புக் கடையில் நடந்தது இது. அந்தியேட்டி அன்று, அதாவது ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள், வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுமலரை எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்போம். பன்னிரண்டு வருடமாகக் கடையில் அந்த வேலை என்னுடையது.

சித்திரைக்குப் பிறகு தெல்லிப்பழையில் இருந்து ஒரு பிள்ளை சொந்த லாப்டொப்போடு வேலைக்கு வந்தாள். என் கணினியில் இருந்தது பழைய லினக்ஸ். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளும் பழசு. ஆட்கள் கைபேசியில் அடித்து அனுப்பும் தமிழை அதில் ஒட்டினால் கொம்பு ஓரிடம், கால் ஓரிடமாகக் கிடக்கும். முழுவதையும் பாமினி எழுத்துருவில் நான் திரும்ப அடிப்பேன். அவளிடம் இருந்தது அதே மென்பொருளின் புதிய பதிப்பு. ஒட்டினாள் என்றால் முடிந்தது. மூன்று மாதத்துக்குள் வாசலுக்கு வருகிறவர்கள் "அந்தப் பிள்ளை இல்லையோ?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ஒளிப்பானேன், எனக்கு வயிறு எரிந்தது.

அன்று காலை உரும்பிராயில் இருந்து ஓர் ஆசிரியை வந்தார். அவருடைய அம்மாவின் கல்வெட்டு என்னிடம் முக்கால்வாசி முடிந்திருந்தது. வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளின் புலம்பல் பாட்டுகள் மட்டும் அப்போதுதான் கைபேசியில் வந்து சேர்ந்திருந்தன.

"நாளையிண்டைக்கு அந்தியேட்டி. மூண்டு மணிக்கு முன்னம் அச்சகத்துக்குப் போகாட்டி அம்மான்ரை புத்தகம் வராது, தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, வருகிறவர்கள் இருக்கப் போட்டிருந்த வாங்கிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பிள்ளை கோயிலுக்குப் போய்விட்டுப் பிந்தித்தான் வருவாள். வருவதற்குள் நானும் புதிய பதிப்பைப் போட்டுக் காட்டவேண்டும் என்று எனக்கு ஒரு வேகம். இணையத்தில் தேடி, எங்களுடையதற்கு அடுத்த லினக்ஸ் பதிப்புக்கென்று செய்த மென்பொருள் பொதியை (package) இறக்கினேன். கலியாணத்துக்குச் சொல்லப் போனால் 'இன்னார் வந்தால்தான் நான் வருவேன்' என்று ஒவ்வொருவரும் நிற்பார்களே, அதுதான் கதை. இந்தப் பொதிக்கு அந்தப் பொதி வேண்டும், அதற்கு இன்னொன்று வேண்டும், அதுவும் புதியதாகவே வேண்டும். நான் விடவில்லை. கணினி எச்சரித்ததையும் கேட்காமல் எல்லாவற்றையும் வலிந்து ஏற்றினேன். மென்பொருள் திறக்கவே இல்லை. உடைந்ததைச் சரிசெய்யும் கட்டளையைக் கொடுத்தேன். எதையெல்லாம் நீக்கப்போகிறேன் என்று அது பெரிய பட்டியல் காட்டி, சம்மதமா என்று கேட்டது. வாசிக்காமலே 'ஓம்' கொடுத்தேன். திரும்ப இயக்கியபோது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும் நின்றது. அப்போது நேரம் பதினொன்றரை.

"என்ன தங்கச்சி, கரண்ட் போயிட்டுதோ?" என்று ஆசிரியை எழும்பி வந்தார்.

அந்த நேரம் பார்த்து, நெற்றியில் சந்தனத்தோடு அவள் வந்து இறங்கினாள்.

"என்ன செய்தனீங்கள் அக்கா?"

சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"பதறாதேங்கோ. கோப்பு உள்ளுக்குத்தான் இருக்கும்" என்று அந்தக் கறுப்புத் திரையிலேயே ஏதோ அடித்து, கல்வெட்டை ஒரு பென்டிரைவில் எடுத்தாள். பிறகு தன் லாப்டொப்பை என் முன்னால் தள்ளினாள். "நீங்கள் இதிலை இருந்து முடியுங்கோ. நான் உந்தக் கணினியைப் பாக்கிறன்."

புலம்பல் பாட்டுகளை ஒட்டினேன். எழுத்து ஒன்றுகூடப் பிசகவில்லை. பக்கத்தில் அவள் பிழைச்செய்தியை மேலிருந்து கீழாக, விரலை வைத்து, ஒரு வரி விடாமல் வாசித்தாள். நான் திணித்த வெளிப் பொதிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எங்கள் பதிப்புக்கு உரியதைத் திரும்பப் போட்டாள். வெட்கமில்லாமல் சொல்கிறேன், இவளுக்கும் இது சரிவரக்கூடாது என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டேகாலுக்கு என் கணினியில் பழையபடி திரை வந்தது.

கல்வெட்டின் கடைசிப் பக்கம் நன்றி நவிலல். ஐயருக்கு, அயலவருக்கு, சமைத்தவர்களுக்கு என்று எல்லோருக்கும் அதில் நன்றி இருக்கும். "உங்கடை ஆக்களின்ரை பேரையும் போட்டுவிடுங்கோ தங்கச்சி, பெரிய உதவி" என்றார் ஆசிரியை. ஆக்கள் என்று பன்மையில்தான் சொன்னார். அந்தப் பிள்ளை மேசைக்கு அடியில் குனிந்து வயரைச் செருகிக்கொண்டிருந்தாள். அவளுடைய லாப்டொப்பில், அவளுடைய விசைப்பலகையில், என் பெயரை மட்டும் அடித்து அச்சகத்துக்கு அனுப்பினேன்.

அந்தியேட்டி முடிந்த மறுநாள் ஆசிரியை எங்கள் இருவருக்கும் ஒவ்வொரு கல்வெட்டுக் கொண்டுவந்து தந்தார். அவள் எதையும் மேலோட்டமாகப் பார்க்கிறவள் இல்லையே. முதல் பக்கத்தில் தொடங்கி வாசித்துக்கொண்டு போனாள். கடைசிப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மூடி, "வடிவா வந்திருக்கு அக்கா" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைத் தொடங்கினாள்.

இப்போது எந்தக் கட்டளைக்கும் முழுவதும் வாசிக்காமல் நான் சம்மதம் கொடுப்பதில்லை. வருகிறவர்கள் கேட்காவிட்டாலும் கல்வெட்டில் அவள் பெயரையும் சேர்த்தே அடிக்கிறேன். ஆனால் அந்த ஒரு கல்வெட்டு எத்தனையோ வீட்டு அலுமாரிகளில் இருக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகம் சுடுகிறது.