குழியைத் தூர்த்த பார்வதம்மா

1904ஆம் வருஷத்து ஐப்பசி மழை ஓய்ந்த கையோடு, கோரமண்டல் தங்கச் சுரங்கத்தின் கூலி லைன் குடியிருப்பில் காத்தவராயனுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. சுரங்கத்துக்குள் பாறையில் துளை போடுகிற ஆள். கருங்காலிக் கட்டை மாதிரி உடம்பு. குளிர் வந்துவிட்டால் இரண்டு கம்பளிக்கு அடியிலும் பல் கிட்டும். பிறகு நெருப்பாய்க் கொதிக்கும், வியர்த்துக் கொட்டி அடங்கும். ஒரு நாள் விட்டு மறுபடியும் அதே கூத்து. இப்படியே ஒரு மாதம் ஓடியது.

அவன் பெண்டாட்டி பார்வதம்மா குடியாத்தம் பக்கத்துக்காரி. சுரங்கத்திலிருந்து மேலே வரும் கல்லைப் பொறுக்கிப் பிரிக்கிற வேலை அவளுக்கு. எவர் குரலை உயர்த்தினாலும் அதற்கு ஒரு படி மேலே தன் குரலை ஏற்றுகிறவள் என்று லைனில் பேர் வாங்கியிருந்தாள்.

எல்லாம் மூங்கில் தட்டி வீடுகள். ஒரு வீட்டில் முனகினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். லைன் மேஸ்திரி ராஜப்பா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, ஞாயித்துக்கெழமைக்குள்ள வூட்டைக் காலி பண்ணிடு. இது ஒட்டுவாரொட்டி. புருசனை இட்டுக்கினு ஊருக்குப் போ."

"இந்தக் காய்ச்சலை நாங்க ஊர்லேர்ந்து எடுத்தாரல, மேஸ்திரி. இங்க புடிச்சது, இங்கியே தீரட்டும்" என்றாள் பார்வதம்மா.

அன்று தண்ணீர்த் தொட்டியில் அவள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். பக்கத்து வீட்டு லூயிசாகூட, "எட்டி நில்லுக்கா, எனக்குக் கொயந்த கீது" என்றாள். பார்வதம்மா நேரே ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

கம்பவுண்டர் சாம்ராஜ் கொய்னா மருந்தை மடித்துக் கொடுத்தான். "தொட்டா ஒட்டுமா, சொல்லுங்க" என்று அவனை மடக்கினாள்.

"தொட்டா ஒட்டாதும்மா. கொசு வேலை இது. ஒரு கொசு உம் புருசனைக் கடிக்குதுன்னு வை, ரத்தத்தோட கிருமியும் அது வயித்துக்குள்ள போவுது. உள்ளயே பெருகி, கொஞ்ச நாள்ல அதோட எச்சிலுக்கு வந்துடுது. அப்புறம் அது யாரைக் கடிச்சாலும் அவங்களுக்குக் காய்ச்சல்தான். இப்பத்தான் டாக்டருங்க கண்டுபுடிச்சிருக்காங்க. அதனால மொதல்ல காய்ச்சக்காரனைக் கொசு கடிக்காம பாத்துக்க. தேங்கின தண்ணியிலதான் கொசு முட்டை போடுது."

வீட்டுக்கு வந்ததும் காத்தவராயனின் கல்யாண மல் வேட்டிகள் இரண்டையும் சேர்த்துத் தைத்து, அவன் படுக்கையைச் சுற்றித் தொங்கவிட்டாள். "நோவாளிக்குப் பல்லக்கா?" என்று வழியோடு போனவர்கள் சிரித்தார்கள். "ஆமா, உங்களைக் காப்பாத்தத்தான்" என்று உள்ளேயிருந்தே கத்தினாள்.

வேட்டி கட்டுவதற்கு முன்பே கொசு தன் வேலையை முடித்திருந்தது போலும். லூயிசாவின் குழந்தைக்கும் குளிர் வந்தது. அவள் தலைவிரி கோலமாய் ஓடி வந்தாள்.

"உங்க வூட்டுலேர்ந்துதான் வந்துச்சி!"

பார்வதம்மா தலை குனியவில்லை. "வந்திருக்கும்டி. எங்க வூட்டுலேர்ந்து உங்க வூட்டுக்குக் கொசு கொண்டாந்திருக்கும். கொயந்தைக்கு மொதல்ல கொய்னா வாங்கு. அப்பறம் வா, அந்தக் கொசு பொறந்த எடத்தைக் காட்டறேன்."

லைனுக்குப் பின்னால், புது வீட்டுச் சுவருக்கு மண் எடுக்கக் காண்டிராக்டர் தோண்டிப் போட்ட பெருங்குழி. மழைத் தண்ணீர் இடுப்பளவு நின்றது. மேலெல்லாம் கொசுப் புழு நெளிந்தது. அதை மூடச் சொல்லி அவள் இரண்டு முறை கேட்டும் ராஜப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பார்வதம்மா வீட்டைக் காலி செய்யவில்லை. கூடையை எடுத்தாள். கம்பெனி கழித்துக் கொட்டிய கல்மேட்டிலிருந்து கல் சுமந்து குழியில் கொட்ட ஆரம்பித்தாள். சற்று நேரத்தில் லூயிசாவும் ஒரு கூடையோடு வந்தாள். பிறகு இன்னும் சில பெண்கள்.

ராஜப்பா காவல்காரனோடு ஓடி வந்தார். "கம்பெனி கல்லுல கை வெச்சிட்டியா? தங்கத் திருட்டுக் கேஸ் ஆயிடும், தெரியுமா?"

"தங்கம் கீதா இதுல? அப்ப எறங்கி எடுத்துக்க மேஸ்திரி. தண்ணி இடுப்பளவுதான்."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். காவல்காரன் அவளைக் கூட்டிப்போய்க் காவல் சாவடியில் உட்கார வைத்தான். கூடையில் இருந்த கல்லை உடைத்துப் பார்த்தார்கள்; தங்கத்தின் பொட்டுகூட இல்லை. பொழுது சாய்ந்ததும் அவளை விட்டார்கள், கல் பொறுக்கும் வேலையிலிருந்து பேரை அடித்துவிட்டு. அந்த நேரம் வரைக்கும் லூயிசா கூடையைக் கீழே வைக்கவில்லை. பார்வதம்மா திரும்பி வந்தபோது குழி இருந்த இடத்தில் கல் தெரிந்தது, தண்ணீர் தெரியவில்லை.

"நீ உள்ள இருக்கசொல்ல நாங்க நின்னுட்டா, உன்னைப் புடிச்சதுதான் சரின்னு ஆயிடும்" என்றாள் லூயிசா. கையெல்லாம் சிராய்ப்பு.

அவள் குழந்தை பிழைத்தது. காத்தவராயனும் எழுந்தான், ஆனால் மண்ணீரல் வீங்கிய உடம்பை வைத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்க முடியவில்லை, மேலேயே எடுபிடி வேலைக்குப் போனான். பார்வதம்மா ஷிப்ட் விடும் நேரத்தில் களி விற்றாள். வீட்டைக் காலி செய்யச் சொல்லி ராஜப்பா அதற்கப்புறம் வரவில்லை. வந்தால் எத்தனை பெண்கள் வாசலில் நிற்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

காய்ச்சல் லைனை விட்டு அடியோடு போய்விடவில்லை, குறைந்தது, அவ்வளவுதான். அடுத்த மழைக்கு முன்னால் காண்டிராக்டர் ஆட்கள் இன்னொரு பக்கம் மண் எடுக்க மண்வெட்டியோடு வந்தார்கள். முழங்கால் ஆழம்தான் தோண்டியிருப்பார்கள். பார்வதம்மா பள்ளத்தில் இறங்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எடுத்த மண்ணுக்குப் பதிலா கல்லு கொட்றேன்னு உங்க மொதலாளி வந்து சொல்லட்டும். அப்பறம் எழுந்துக்கறேன்."

ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு முதலாளியைக் கூப்பிடப் போனான்.