மலை மறைத்த பொழுதும் ரவைக் காதுகளும்

பிள்ளைகளே, உங்கள் அம்மா தக்காளிச் சாற்றில் ரவைக் காது செய்யும் நாளில், நான் மட்டும் ஏன் பின்கட்டுக்குப் போய் நம் ஊர்க் கோட்டையின் கிருஷ்ணகிரி மலையைப் பார்த்துவிட்டு வந்து உட்காருகிறேன் என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

நீங்கள் பிறப்பதற்கு முன்பு, அறுபதுகளில், கோட்டையைப் படம் வரைய வந்த இத்தாலிக்கார அம்மாள் ஒருவர் நம் முன்னறையில் கொஞ்ச நாள் குடியிருந்தார். பாண்டிச்சேரியில் இருந்தவர் என்பதால் தமிழும் பேசுவார். எனக்கு அப்போது புதுக் கல்யாணம். மல்லாட்டைக் கடலை வியாபாரம் முடிந்து வந்தால் உங்கள் அம்மா என்னிடம்தான் ஊர்க்கதை எல்லாம் சொல்வாள். அந்த அம்மாள் வந்தபின் கதை எல்லாம் முன்னறைக்குப் போய்விட்டது. அவலூர்பேட்டைச் சந்தையில் நான் ஆசையாய் வாங்கி வந்த வளையல் பொட்டலம் பிரிக்காமல் மாடத்தில் கிடந்தது. பார்க்கப் பார்க்க வயிறு எரியும்.

ஒரு நாள் சாயங்காலம் அடுப்படியில் ஒரே சிரிப்பு. எட்டிப் பார்த்தேன். நம் சமண வீட்டில் முட்டை, பூண்டு, வெங்காயம் ஆகாது என்று உங்கள் அம்மா சொல்லியிருக்கிறாள். "பரவால்ல, எங்க ஊர்ல ஏழைங்க முட்டை போட மாட்டாங்க" என்று அந்த அம்மாள் ரவையை வெந்நீர் விட்டுப் பிசைந்து, கயிறு போல் திரித்து, துண்டு போட்டார். ஒவ்வொரு துண்டையும் பலகையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி இழுத்தால் சின்னக் காது. உங்கள் அம்மாவும் அழுத்தினாள். வெந்ததும் கஞ்சி வடிப்பது போல் வடித்து, மல்லாட்டை எண்ணெயில் சுண்டிய தக்காளியில் புரட்டினார்கள். மேலே வறுத்த ரொட்டித் தூள்.

"இங்க பாருங்க, இதுங்க பேரு காதாம். உங்க காது மாதிரியேதான் இருக்குது. நான் சொல்றது எதுவும் உள்ள போகாது" என்றாள் உங்கள் அம்மா. அந்த அம்மாளோடு சேர்ந்து அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். என் எந்தப் பேச்சுக்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

இருட்டினால் நமக்குச் சாப்பாடு கிடையாது. அந்த நேரம் பார்த்துச் சூரியன் மேற்கே ராஜகிரி மலைக்குப் பின்னால் இறங்கியது. சாப்பிடாமல் முறைத்துக்கொள்ள எனக்கு ஒரு சாக்கு கிடைத்தது.

"பொழுது போச்சு. எனக்கு வேணாம்."

"இன்னா பேச்சு இது? மலைதானே மறைச்சிருக்குது? கிருஷ்ணகிரி உச்சியில வெயில் இருக்கிற வரைக்கும் பகல்தான்னு தெனம் சாப்பிடறவரு நீங்க!"

"இன்னிக்கு எனக்குப் போச்சு."

"அப்ப மேகம் மறைச்சா மத்தியானமே பட்டினியா?"

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவருக்கு வயிறு ரொம்பியிருக்கு. கோவத்தால" என்றார்.

நான் திரும்பி நின்றுகொண்டேன். இருவரும் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனார்கள். "உங்க பங்கு சட்டியில இருக்குது, வெளிச்சம் போறதுக்குள்ள யோசிங்க" என்று வாசலில் இருந்து உங்கள் அம்மாவின் குரல் வந்தது.

பின்கட்டுக்குப் போனேன். கிருஷ்ணகிரி உச்சியில் மஞ்சளாய் ஒரு கீற்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே வந்து சட்டியைத் திறந்து ஒரு காதை எடுத்தேன். அதன் குழியில் என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன், நுழையவில்லை. அந்த அம்மாளுக்கு என்னைவிடப் பெரிய கை. இது உங்கள் அம்மா அழுத்தியது. வாயில் போட்டுக்கொண்டு, எடுத்தது தெரியாதபடி மூடியை முன்பு இருந்தபடியே சாய்த்து வைத்தேன்.