எலிக்கு வைத்த மருந்து

போன வாரத்திலிருந்து திண்டிவனத்தில், என் சகலை கோவிந்தசாமி வீட்டில் இருக்கிறேன். அவருக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை வியாபாரம். வீட்டின் பின்கட்டுதான் குடோன். விதைக்கு வைத்திருந்த மூட்டைகளை எலி கிழித்துப் போட்டிருந்தது. மனிதர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் எலி பாஷாணம் வாங்கி வந்து, கருவாட்டில் தடவி மூட்டைச் சந்துகளில் வைத்து விட்டார்.

அஜாக்கிரதையான ஆள் என்று நினைத்து விடாதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். குடோனைப் பூட்டினார். வீட்டு நாய் ராஜாவைச் சங்கிலியில் கட்டினார். மறுநாள் காலையில் மிச்சக் கருவாட்டைப் பொறுக்கிக் குழியில் புதைத்த பிறகுதான் நாயை அவிழ்த்து விட்டார். வேறென்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள்?

ஒன்றே ஒன்று பாக்கி. மருந்து தின்ற எலி, தின்ற இடத்திலேயே சாக வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? ஒரு எலி வெளியே ஓடி, கிணற்றடி வாழைக்குக் கீழே செத்துக் கிடந்தது. நாங்கள் இட்லி சாப்பிட்டுக் கொண்டிருந்தபோது ராஜா அதைக் கண்டுபிடித்து விட்டது.

முதலில் வாந்தி. கோவிந்தசாமியின் மனைவி ருக்மணி – என் மனைவியின் தங்கை – பதறிப் போய், பாலில் எண்ணெய் கலந்து அதன் வாயில் ஊற்றினாள். கால்கள் விறைத்தன. வாயில் நுரை...

நுரையைப் பார்த்ததும் தெருவே திரண்டு விட்டது.

"வெறி புடிச்சிருக்குது! அடிச்சிப் போடுங்கய்யா!"

நாலைந்து பேர் தடியோடு வந்து விட்டார்கள். கோவிந்தசாமி கதவுக்குக் குறுக்கே நின்று கொண்டார். "எலி மருந்துங்க... சத்தியமா வெறி இல்லீங்க!"

உள்ளே ருக்மணி நாயை மடியில் அணைத்துக் கொண்டாள். வலிப்பின் வேகத்தில் ராஜா அவள் கையைக் கவ்வியது. பல் ஆழமாக இறங்கி விட்டது. ஒரு நாளும் யாரையும் கடிக்காத நாய்!

நாயைக் கோணியில் சுற்றிக் கொண்டு பின்வழியாக வெளியேறினோம். உள்ளூர் மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் லீவு. விழுப்புரம் போகச் சொன்னார்கள். பஸ்ஸில் கண்டக்டர் ஏற்றவில்லை. மல்லாட்டை லோடு ஏற்றிப் போன லாரிக்காரர் ஒருவர்தான் நிறுத்தினார். "மேல ஏறுங்க, ஜல்தி!" மூட்டைகளின் மேல் நாங்கள் மூவர், கோணியில் நாய். விக்கிரவாண்டி தாண்டும்போது அதன் மூச்சு நின்றது. மூன்று பேருக்குமே தெரிந்தது.

விழுப்புரத்து டாக்டர் நாயை விட ருக்மணியின் கையைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

"நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கீங்களா?"

"இல்லீங்க," என்றார் கோவிந்தசாமி.

"சமீபத்துல வேற நாய் ஏதாவது கடிச்சுதா?"

"தெரு நாயோட ஒரு சண்டைங்க... போன மாசம்."

டாக்டர் மெதுவாகச் சொன்னார். பாலும் எண்ணெயும் இந்த விஷத்தை முறிக்காது. எண்ணெய் அதை இன்னும் சீக்கிரம் உடம்பில் சேர்த்து விடும். அது போகட்டும். சாவுக்குக் காரணம் எலி மருந்தாகத்தான் தோன்றுகிறது. ஆனால், தோன்றுகிறது என்று ஒரு மனுஷியை விட்டு விட முடியுமா? தொப்புளைச் சுற்றித் தினமும் ஊசி போட ஆரம்பிக்க வேண்டும். நாயின் தலையை அறுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, வெறி இல்லை என்று பதில் வந்தால் ஊசியை நிறுத்தி விடலாம். அனுப்பாவிட்டால் முழுவதும் போட்டே ஆக வேண்டும்.

"அறுத்துடுங்க சார்," என்றார் கோவிந்தசாமி. "அது செத்துப் போச்சி. இவ இருக்கணும்."

ருக்மணி கோணியை விடவில்லை. "வேணாங்க. ஊசிய நான் போட்டுக்கிறேன்."

"இன்னாடி பேசற? வயித்துல போடுவாங்க!"

"போடட்டும். நான் ஊத்தனதையும் நம்பி முழுங்கிக்கினு செத்துச்சி. தலையில்லாம பொதைக்க மாட்டேன்."

முழுதாகத்தான் புதைத்தோம்.

இப்போது தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறாள். வயிறெல்லாம் கன்றிப் போய், புடவையைக் கூட இறுக்கிக் கட்ட முடியவில்லை. நேற்று துணைக்குப் போயிருந்தேன். ஊசி போடும் அறைக்கு வெளியே கோவிந்தசாமி சொன்னார்: "கத்தினாலாவது தேவலைண்ணே. சத்தமே வர்றதில்ல."

நாய் வளர்ப்பவர்களே, தடுப்பூசியைத் தள்ளிப் போடாதீர்கள். எலி மருந்து வைத்தே தீர வேண்டுமென்றால், மறுநாள் சங்கிலியை அவிழ்ப்பதற்கு முன்னால் கிணற்றடி, சாக்கடை, விறகுக் குவியல் எல்லாவற்றையும் சுற்றிப் பாருங்கள்.

நாய்க்கு முன்னால் நாம் மோப்பம் பிடித்தாக வேண்டும்!