ஆவுளியாவின் புழுக்களோடு சென்னீர்குப்பம் வரை

போன செவ்வாய்க்கிழமை அண்ணனூரிலிருந்து சென்னீர்குப்பம் போய் வந்தேன். கையில் ஒரு கண்ணாடி பாட்டில். உள்ளே ஸ்பிரிட்டில் ஊறிய புழுக்கள். இந்த மாதிரி சாமானைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன். நான் எட்டாவது வரைதான் படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். ஆவுளியா, அதாவது கடல்பசு, செத்துக் கரை ஒதுங்கினால் அதன் குடலைக் கழுவிப் புழு எடுப்பார். கடைசியாகத் தொண்டிக்குப் போனவர் பாட்டிலோடு நேராக வீட்டுக்கு வந்தார். மறுநாள் நெஞ்சுவலி. அவ்வளவுதான். பதினாறாம் நாளுக்கு வீடு கழுவும்போது பரணில் பாட்டிலைப் பார்த்தேன். பிசுபிசுவென்று இருந்தது, சோப்பு போட்டுத் தேய்த்தேன். மேலே பேனாவில் எழுதியிருந்தது முழுக்கப் போய்விட்டது.

அது எவ்வளவு பெரிய தப்பு என்று ஆய்வுக்கூடத்து மேடத்துக்குப் போன் செய்தபோதுதான் தெரிந்தது.

"மேல எழுதியிருக்கிறத படிங்கம்மா."

"எழுத்து இல்லன்னா என்ன மேடம் பண்ணுவீங்க?"

"எந்த மிருகம், எந்தக் கரைன்னு தெரியாம வெச்சுக்க முடியாது. கொட்டிடுவோம்."

அவர் கடைசியாகச் செய்த வேலை அது. ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. உலை வைத்துவிட்டு வாசலுக்குப் போவேன், பாட்டிலைப் பார்ப்பேன், திரும்ப வருவேன்.

காலை 9.10க்குக் கிளம்பினேன். ஸ்பிரிட் தீப்பிடிக்கும், ரயிலில் கொண்டுபோகக் கூடாது. ஆவடிக்கு ஆட்டோ, எண்பது ரூபாய். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய், எட்டு கிலோமீட்டர் இருக்கும்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "இன்னாக்கா, ஊறுகாயா? அப்டி புட்சிகினு கீறே?"

"புழுப்பா. கடல்பசு வயித்துல இருந்தது."

"அய்யே! சத்தமா சொல்லாதக்கா, சவாரி எறங்கி ஓடிரும்."

பக்கத்து அம்மா ஏற்கெனவே நகர்ந்துவிட்டார்.

"என் ஊட்டுக்காரர் எடுத்தது. இப்ப அவர் இல்ல."

அதற்குப் பிறகு பள்ளம் வந்தால் டிரைவர் வண்டியை மெதுவாக இறக்கினார். பருத்திப்பட்டில் இருபது நிமிடம் நெரிசல். இறங்கித் திரும்பிவிடலாமா என்று மூடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

10.40க்கு மேடத்தின் மேசையில் வைத்தேன். "கழுவிட்டேன் மேடம். எழுத்து போயிருச்சு."

அவர் திட்டவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பாட்டிலைச் சாய்த்தார். "உங்க வீட்டுக்காரர் வெளிய எழுதினத என்னைக்கும் நம்பினதில்லம்மா."

இடுக்கியை விட்டு, அரிசி அரிசியாகக் கிடந்த புழுக்களுக்கு நடுவிலிருந்து ஒரு காகிதத் துண்டை எடுத்தார். பென்சில் எழுத்து. பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும், பென்சில் கரையாதாம். 'ஆவுளியா. பெண். சிறுகுடல். தொண்டி.' மளிகைச் சீட்டில் எழுதுகிற அதே கோணல் எழுத்து.

ஆவுளியா கொஞ்சம்தான் மிச்சம், உயிரோடு இருப்பதை அறுத்துப் பார்க்க முடியாது, செத்தது சொன்னால்தான் உண்டு என்றார் மேடம். நான் அந்தச் சீட்டைக் கேட்டேன்.

"அது புழுவோடதான் இருக்கணும்மா." திரும்ப உள்ளே போட்டு மூடினார்.

போகிறவர்கள் பாட்டிலை நிமிர்த்தியே பிடியுங்கள். பென்சிலால் எழுதி உள்ளேயும் ஒரு சீட்டு போடுங்கள். மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை கதவு பூட்டியிருக்கும். திரும்பும்போது மடி காலி, கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பாட்டில் இப்போது ஆய்வுக்கூடத்து அலமாரியில், மூன்றாவது தட்டு, இடது ஓரம். குனிந்து பார்த்தால் வெளியிலிருந்தே அந்த 'ஆ' தெரிகிறது.